காசு கிடைத்த வளவு எது?

ஓமான் நாட்டின் பாத்தினாக் கடற்கரையிலே, தலைநகர் மஸ்கட்டிலிருந்து வடமேற்கே இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தொலைவில் சோஹார் நகரம் அமைந்துள்ளது. கடலைப் பார்த்தபடி ஒரு வெண்ணிறக் கோட்டை. அதனை அடுத்துப் பேரீச்சந் தோட்டங்கள். அவற்றுக்கும் அப்பால் மரஞ்செடியற்ற கரிய மலைத்தொடர். இந்நகரின் துறைமுகத்திலும் அதனை அண்டிய தொழிற்சாலைகளிலும் தமிழகத்தவரும் ஈழத்தவருமாக எம்மவர் பலர் தொழில் புரிகின்றனர். அவர்களுள் ஒருவரான வலிகாமத்து நண்பரின் விருந்தினனாகச் சில நாட்கள் அங்கு தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அன்று வெள்ளிக்கிழமை விடுமுறை. மதிய உணவு முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நண்பர் தமது பெட்டியின் அடியிலிருந்து பழைய பிலிம் டப்பா ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சில் பொதிந்தபடி மூன்று செப்புக் காசுகள்.

"இது எங்கள் ஆச்சி வைத்திருந்தது, அண்ணை. தொண்ணூற்றைந்திலே ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தவ. காணி உறுதியும் போய்விட்டது. அம்மாவின் கலியாணப் படமும் போய்விட்டது. இது மட்டுந்தான் மிஞ்சியது" என்றார்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்த கதையை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவ்விரவில் எதனை எடுப்பது, எதனை விடுவது என்று தடுமாறிய ஒரு தாய், விலைமதிப்பில்லாத மூன்று செப்புக் காசுகளை முடிந்துகொண்டு புறப்பட்டிருக்கிறார்.

"தம்பி, இவை எங்கே கிடைத்தவை?" என்று கேட்டேன்.

"ஆச்சியின் பெட்டகத்தில்."

"ஆச்சிக்கு எங்கே கிடைத்தன?"

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. "வளவுக்குள் எங்கேயோதான். ஆச்சியாட்களுக்கு மூன்று வளவு இருந்தது. எது என்று தெரியாது" என்றார்.

அந்த ஒரு கேள்விக்கான விடையே அம்மூன்று காசுகளின் உயிர் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செம்பின் நாடு

சோஹாரில் இருந்துகொண்டு செம்பைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. நகருக்கு மேற்கே மலையை ஊடறுத்துச் செல்லும் வாடி ஜிஸ்ஸிப் பள்ளத்தாக்கும், அதனைச் சூழ்ந்த அர்ஜா, லசைல் ஆகிய இடங்களும் உலகின் மிகப் பழைய செப்புச் சுரங்கப் பிரதேசங்களுள் அடங்குவன. மெசப்பொத்தேமியாவின் களிமண் ஏடுகளில் மகன் எனக் குறிக்கப்படும் செம்பு நாடு இன்றைய ஓமானையும் அதனை அடுத்த பகுதிகளையுமே குறிக்கும் என்பது அறிஞர் முடிபு. மகன், தில்முன், மெலுகா ஆகிய நாடுகளின் கப்பல்கள் தனது துறையில் வந்து நிற்பதாக அக்காட் மன்னன் சார்கோன் கி.மு. 2300 அளவில் பெருமை பேசினான். மெலுகா என்பது சிந்துவெளி நாடு. ஓமானின் கிழக்குக் கோடியிலுள்ள ராஸ் அல் ஜின்ஸ் என்னுமிடத்தில் சிந்துவெளி எழுத்துப் பொறித்த மட்பாண்ட ஓடு கிடைத்தமை அக்கடல் வாணிபத்தை உறுதிப்படுத்துகின்றது.

செம்பு வாணிபத்தில் ஏமாற்றும் அன்றே இருந்தது. தில்முன் வழியாக வந்த செம்பை விற்ற ஏயா நாசிர் என்னும் வணிகன் தரங்குறைந்த சரக்கைத் தந்தான் என வாடிக்கையாளர் ஒருவர் கி.மு. 1750 அளவில் எழுதிய முறைப்பாட்டு ஏடு, ஊர் நகரில் கண்டெடுக்கப்பட்டு லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

பின்னர், கி.பி. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் சோஹாரின் செம்பு உருக்குந் தொழில் மீண்டும் பேரளவில் நடைபெற்றது. சீனம் வரை செல்லும் கடல் வாணிபத்தில் இந்நகர் அக்காலத்தில் பெற்றிருந்த செல்வத்தை அரபுப் புவியியலாளர் அல் முகத்தசி வியந்து பாராட்டியுள்ளார். அன்று உருக்கியபோது கழிந்த கரிய கசடு இன்றும் இப்பள்ளத்தாக்குகளிலே குன்று குன்றாகக் கிடக்கின்றது. ஜேர்மனியின் போகும் நகரச் சுரங்க அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1970களின் பிற்பகுதியிலிருந்து இவற்றை ஆராய்ந்து பழைய உலைகளின் காலத்தை வகுத்தனர். கசடு கிடந்த இடத்திலேயே கிடந்தமையால் அன்றோ அது சாத்தியமாயிற்று! எவராவது அதனை அள்ளிச் சென்று வீதிக்குக் கொட்டியிருந்தால் அது வெறும் கருங்கல்.

செம்பு எப்போதும் ஒரே திசையில் பாயவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் பயண நூல், மேற்கிந்தியாவின் பாருகச்சத் துறையிலிருந்து பாரசீக வளைகுடாப் பக்கத்து ஓமனா என்னும் துறைக்குச் செம்பு ஏற்றுமதியானதாகக் கூறுகின்றது. அதே நூல், சேர நாட்டு முசிறிக்கு மேற்கிலிருந்து இறக்குமதியான பொருட்களிலும் செம்பைச் சேர்க்கின்றது. ஆகவே, ஒரு காசின் உலோகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்த நாட்டுக்குரியது என்று கூறிவிட முடியாது.

பைசாவும் துட்டும்

வெள்ளியும் பொன்னும் அரசர்களினதும் பெருவணிகர்களினதும் கைகளிலே புழங்கியவை. அவை புதைக்கப்பட்டன, கொள்ளையிடப்பட்டன, உருக்கப்பட்டன, நெடுந்தூரம் பயணஞ் செய்தன. செப்புக் காசோ உப்பும் மீனும் வெற்றிலையும் வாங்கிய சாதாரண மக்களின் காசு. சந்தையிலே தவறி விழுந்தால் எவரும் தேடித் திரியாத காசு. ஆதலால் அது பெரும்பாலும் புழங்கிய ஊரிலேயே மண்ணுள் தங்கிவிடும். மக்கள் வாழ்ந்த வரலாற்றைத் தேடுபவர்களுக்குப் பொற்காசைவிடச் செப்புக் காசு கூடுதலாகப் பேசுவதற்கு இதுவே காரணம்.

சோஹாரில் இன்று கடைக்குச் சென்று மிச்சப் பணம் வாங்கினால் கிடைப்பது பைசா. ஆயிரம் பைசா ஓர் ஓமான் றியால். இச்சொல் இந்தியாவிலிருந்து வந்தது. 1888 முதல் 1913 வரை ஆண்ட சுல்தான் பைசல் பின் துர்க்கி தமது பெயரில் செப்புக் காலணா வெளியிட்டார். ஹிஜ்ரி 1315, அதாவது 1897 - 98ஆம் ஆண்டுக்குரிய காலணாக்களில் அரபு எழுத்துடன் ஆங்கில எழுத்தும் உண்டு. அரபு நாட்டுச் சுல்தானின் காசிலே இந்திய அணாக் கணக்கு இடம்பெற்றமை, அந்நாளைய மஸ்கட்டின் வாணிபம் எத்திசையை நோக்கியிருந்தது என்பதை ஏடு எதுவுமின்றியே எடுத்துக்காட்டுகின்றது. 1959இல் இந்திய றிசேர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி ரூபாவை வெளியிட்டது. 1970இலேயே ஓமான் தனது சொந்த நாணயத்திற்கு மாறியது.

எமது பேச்சிலும் செப்புக் காசுகள் வாழ்கின்றன. துட்டு என நாம் வழங்கும் சொல் ஒல்லாந்தர் கொண்டுவந்த டொயிற் என்னும் சிறு செப்புக் காசின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். சல்லி என்றால் மட்டக்களப்பில் பணம். யாழ்ப்பாணத்தில் பெறுமதியற்றதைச் "சல்லிக் காசும் பெறாது" என்போம். தமிழின் காசு என்னும் சொல்லோ போர்த்துக்கேயர் வாய்வழி சென்று, சீனரின் செப்பு நாணயத்துக்கு ஐரோப்பியர் இட்ட பெயராகவும் ஆயிற்று.

ஒரு சொல்லுக்காக எழுந்த வழக்கு

இனி, நண்பரின் டப்பாவுக்கு வருவோம். மூன்றில் இரண்டு காசுகள் ஒரே வகையின. ஒரு பக்கத்தில் நின்ற கோலத்தில் மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கும் எருது, அதன் மேலே பிறை, கீழே தமிழெழுத்தில் "சேது" என்னும் சொல். அவற்றுள் ஒன்றில் எழுத்துத் தெளிவு. மற்றதில் தேய்ந்து போய் எருதின் திமில் மட்டும் தெரிகின்றது.

இச் சேதுக் காசுகள் யாருடையவை என்பது ஒரு காலத்தில் பெரு வழக்காக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்தியாவில் நாணயஞ் சேகரித்த ஆங்கிலேய அதிகாரிகள், சேது என்ற சொல்லைக் கண்டவுடன் இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்குரியவை எனக் கொண்டனர். இராமேசுவரத்துச் சேதுவுக்குக் காவலர் சேதுபதிகள். ஆகவே காசும் அவர்களுடையது. கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும் முடிபு.

இதனை மறுத்தவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். 1920இல் அவர் இலங்கையின் ஆய்விதழ் ஒன்றில் எழுதிய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பு, யாழ்ப்பாண அரசர்களின் மறக்கப்பட்ட நாணயங்கள் எனப் பொருள்படும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் சேதுகாவலர் என்ற விருதைத் தாங்கியவர்கள். எருது அவர்களின் இலச்சினை. கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகமத்தில் கிடைத்த, சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு சேது என்னும் சொல்லுடனேயே தொடங்குகின்றது. இவை யாவும் வலுவான சான்றுகளே. எனினும், சேது என்னும் சொல் இரு அரச மரபினருக்கும் பொதுவானது. சொல்லை மட்டும் வைத்து வாதிட்டால் வழக்கு இரு பக்கமும் இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

தராசை ஒரு பக்கம் சாய்த்தது வேறொன்று. இக்காசுகள் ஏராளமாகக் கிடைத்த இடம் யாழ்ப்பாணக் குடாநாடு. தோட்டங் கொத்தும்போதும் கிணறு வெட்டும்போதும் எம்மவர் கண்டெடுத்தவை அவை. செப்புக் காசு புழங்கிய ஊரிலேயே தங்கும் என்று மேலே கூறினோம். அவ்விதியே இங்கு சாட்சி சொல்லிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1924இல் கொட்றிங்டன் இலங்கை நாணயங்கள் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டபோது இவை யாழ்ப்பாண அரசின் காசுகளாகவே இடம்பெற்றன.

சிந்தித்துப் பாருங்கள். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அவ்வரசின் மாளிகை இன்று இல்லை. அரசாவணங்கள் இல்லை. அவ்வரசர்கள் தமக்கெனக் காசு அடித்து நாடாண்டனர் என்பதை நிலைநாட்டியவை செப்புத் துண்டுகள். அத்துண்டுகளுக்கு வாய் கொடுத்தது, "இது எமது வளவில் கிடைத்தது" என்று யாரோ ஒரு தோட்டக்காரர் கூறிய சொல். அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆயினும் அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அந்நாணயங்கள் இன்றும் மறக்கப்பட்டவையாகவே இருந்திருக்கும்.

நண்பரின் மூன்றாவது காசில் எருது இல்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்து. சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் பெயர் பொறித்த, இலங்கையிலும் தமிழகத்திலும் பெருந்தொகையாகக் கிடைக்கின்ற செப்புக் காசு வகை அது. சேதுக் காசுக்கு அது பல நூற்றாண்டு மூத்தது. மூன்றும் ஒரே டப்பாவுக்குள் எவ்வாறு வந்தன? ஒன்றாகவே மண்ணிலிருந்து வந்தனவா, அல்லது ஆச்சி வெவ்வேறு வேளைகளிற் பொறுக்கிச் சேர்த்தவையா? காசு அதற்கு விடை கூறாது. கண்டெடுத்தவரே கூறவேண்டும்.

ஆற்று மணலும் அகழ்வுக் குழியும்

தமிழகத்திலும் இதே கதைதான். கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்து எடுத்த பழங்காசுகள் நெடுங்காலமாக வணிகர் கைகளில் விலைபோயின. அவ்வாறு சந்தைக்கு வந்த காசுகளைப் பொறுமையுடன் தேடிச் சேகரித்து வாசித்தவர்களுள் முதன்மையானவர் தினமலர் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி. பெருவழுதி என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த பாண்டியர் செப்புக் காசை 1980களில் அவர் அறிஞர் உலகுக்கு அறிவித்தபோது, சங்க கால மன்னர் தம் பெயரில் நாணயம் வெளியிட்டனர் என்பதற்கு நேரடிச் சான்று கிட்டியது. கரூர், மதுரை ஆகிய இடங்களில் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக் காசுகளைப் பற்றி 1994இலும், சங்க காலத் தமிழ் நாணயங்கள் பற்றி 1997இலும் அவர் ஆங்கிலத்தில் நூல்கள் வெளியிட்டார். 2021இல் அவர் மறைந்தார். சேகரிப்பாளர் ஒருவர் தமது அலுமாரியை ஆய்வுச்சாலை ஆக்கியதற்கு அவர் சிறந்த எடுத்துக்காட்டு.

எனினும், வணிகரிடம் வாங்கிய காசுக்கு ஒரு குறை உண்டு. அது எந்த மண்ணடுக்கில், எவ்வகை மட்பாண்டத்தோடு கிடந்தது என்பது அழிந்துவிடுகின்றது. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1980களிலும் 90களிலும் அகழ்ந்தபோது உரோமச் செப்புக் காசுகள் மண்ணடுக்கிலிருந்தே வெளிவந்தன. சந்தையில் ஒரு கைப்பிடி காசு சொல்வதைக் காட்டிலும், குழியில் கிடைத்த ஒரு காசு கூடுதலாகச் சொல்லும்.

எமது மண்ணில் கந்தரோடையில் 1917 முதல் 1919 வரை ஆய்வு செய்த போல் பீரிஸ், யாழ்ப்பாணத்தில் நீதிபதியாகப் பணியாற்றியவர். அங்கு அவர் திரட்டிய பழங்காசுகள் குடாநாட்டின் தொன்மையை உலகறியச் செய்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் அங்கு அகழ்வு மேற்கொண்டனர். பின்னர் பேராசிரியர் பொ. புஷ்பரட்ணம் பூநகரியில் மேலாய்வு செய்து 1993இல் நூல் வெளியிட்டதோடு, இலங்கைத் தமிழரின் பண்டைய நாணயங்கள் குறித்தும் தனி நூல் எழுதினார். இவர்கள் அனைவரும் காசோடு ஊரின் பெயரையும் சேர்த்து எழுதினர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஓமானிலும் இதற்கு உறுதியான சான்று உண்டு. சோஹாரிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், தோபார் மாகாணத்தில் கோர் றோரி என்னும் பழந்துறை உள்ளது. இத்தாலிய அகழ்வாய்வாளர்கள் 2006இல் அங்கு ஓர் உடைந்த மட்பாண்ட ஓட்டைக் கண்டெடுத்தனர். அதிலிருந்த தமிழ்ப் பிராமி எழுத்துகள் 2012இல் "ணந்தை கீரன்" என வாசிக்கப்பட்டன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபுக் கரையில் ஒரு தமிழரின் பெயர்! அவ்வோடு கடைத்தெருவில் விற்பனைக்கு வந்திருந்தால் எவர் நம்பியிருப்பர்? அகழ்வுக் குழியில் கிடைத்தமையாலேயே இன்று எவரும் மறுக்கவியலாச் சான்றாக நிற்கின்றது.

களிம்பைத் துலக்காதீர்

இவ்விடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எமது தோட்டத்து வரம்பில் பச்சை படிந்த ஒரு சிறு வட்டத் தகட்டைக் கண்டெடுத்தேன். புளியும் சாம்பலும் இட்டு, குத்துவிளக்குத் துலக்குவது போல் துலக்கினேன். மாலையில் அது தகதகவென மின்னியது. அதிலிருந்த உருவமோ எழுத்தோ ஒன்றும் எஞ்சவில்லை. அது எந்த அரசனின் காசு என்பதை இனி எவரும் அறியப்போவதில்லை.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவத்திற்குச் செம்பிற் களிம்பை உவமை கூறும். உயிருக்குக் களிம்பு நீங்குதல் வீடுபேறு. காசுக்கோ களிம்பு நீங்குதல் அழிவு. பல நூற்றாண்டுகள் மண்ணிற் கிடந்த காசின் மேற்பரப்புச் செம்பு, செந்நிறமும் பச்சையுமான படிவாக மாறிவிடுகின்றது. எழுத்தின் விளிம்புகள் பல வேளைகளில் அப்படிவில்தான் நிற்கின்றன. புளி, எலுமிச்சை, வினாகிரி ஆகியவற்றின் அமிலம் அதனைக் கரைத்துவிடும். எழுத்தும் உடன் போய்விடும்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல என்பதையும் அறிந்துகொள்ளல் நன்று. இறுகிய, வழவழப்பான கரும்பச்சை காசைக் காக்கும். வெளிறிய பச்சை நிறத்தில் மாப்போல் உதிர்வது நோய். உப்பிலுள்ள குளோரைட்டு ஈரத்துடன் சேர்ந்து செம்பை உள்ளிருந்து அரிப்பதன் அறிகுறி அது. சோஹார் போன்ற கடலோர நகர்களின் ஈரக்காற்றில் இது விரைந்து பரவும். அத்தகைய காசை ஏனையவற்றிலிருந்து பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் இறுக மூடிய டப்பாவில் வைக்கவேண்டும். பீ.வி.சி. பிளாஸ்ரிக் உறைகள் காலப்போக்கில் செம்பை அரிக்குமாதலால் அவற்றைத் தவிர்த்துக் கடதாசி உறைகளைப் பயன்படுத்துவது சிறந்தது.

எம்மால் செய்யக்கூடியது

நாணயஞ் சேகரித்தல் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. செப்புக் காசைப் பொறுத்தவரை அது உண்மையன்று. வேண்டியவை ஒரு கொப்பி, ஓர் அடிமட்டம், நகைக்கடையில் உள்ளது போன்ற சிறு தராசு ஆகியவை மட்டுமே. ஒவ்வொரு காசுக்கும் ஓர் இலக்கம் இட்டு, அதன் நிறையைக் கிராமிலும் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறித்து, இரு பக்கங்களையும் அளவுகோலுடன் படம் பிடித்தல் வேண்டும். பின்னர், எல்லாவற்றிலும் முக்கியமானதாக, யார், எப்போது, எந்த ஊரில், எந்தக் காணியில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு சேர்த்துக் கண்டெடுத்தார் என்பதை எழுதவேண்டும். நிச்சயமாகத் தெரிந்ததையும், அனுமானித்ததையும் வேறு வேறாகக் குறிப்பது அவசியம்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அனுமதியின்றித் தொல்பொருள் தோண்டுவதையும் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதையும் தடுக்கின்றது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டமும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் உண்டு. ஓமானும் தனது தொல்பொருட்களைச் சட்டத்தாற் காக்கின்றது. மலைப் பள்ளத்தாக்கிலே கண்டெடுத்ததைச் சட்டைப் பையில் இடுவது குற்றமாகும். சேகரிப்பு என்ற பெயரில் மண்ணைக் கிண்டுவோர் வரலாற்றை வளர்ப்பவர் அல்லர்; அழிப்பவர். ஏற்கெனவே வீட்டிலுள்ள காசுகளின் கதையை எழுதி வைத்து, படத்துடன் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினருக்கு அறிவிப்பதே எம்மவர் செய்யக்கூடிய பெரும்பணி.

ஏனெனில், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. எழுதியது எரியும் என்பதை நாம் அறிவோம். எழுதாதது, அதனை அறிந்த முதியவர் கண்மூடும் நாளில் ஓசையின்றி எரிகின்றது. அகதி முகாம்களிலும் அந்நிய நகரங்களின் மாடிக் குடியிருப்புகளிலும் அத்தகைய நூலகங்கள் நாள்தோறும் மூடப்படுகின்றன.

சின்னம்மாவின் பதில்

ஆச்சியும் அம்மாவும் இன்று இல்லை. ஆயினும் நண்பரின் சின்னம்மா ஒருவர் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். என் வற்புறுத்தலின் பேரில் அன்றிரவே நண்பர் அவருடன் தொலைபேசியில் பேசினார். சோஹாரில் இரவு பத்து மணி, அங்கே மதியம்.

சின்னம்மாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. "அது கிணத்தடி வளவடா. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின வருஷம் ஐயா புதுக் கிணறு வெட்டினவர். கோயில் மதிற் பக்க மூலையிலே, ஆளுயர ஆழத்திலே, ஒரு சின்ன மண்முட்டி வந்தது. அதுக்குள்ளே ஐம்பது அறுபது காசு இருந்திருக்கும்."

"மற்றதெல்லாம் எங்கே, சின்னம்மா?"

"கன்னாரிட்டைக் குடுத்து ஒரு செம்பு வாங்கினது. மூண்டை மட்டும் ஆச்சி எடுத்து வைச்சவ. அந்தச் செம்பிலைதான் நீ பால் குடிச்சு வளந்தனி. வெளிக்கிடேக்கை அடுப்படியிலை விட்டிட்டு வந்திட்டம்."

நண்பர் தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் அமைதியாக இருந்தார். ஐம்பது, அறுபது காசுகள் உருகி ஒரு செம்பாகி, அச்செம்பும் ஒரு வீட்டோடு போயிற்று. இழப்பு இழப்புத்தான். ஆனால் கிடைத்தது சிறிதன்று. மூன்றும் ஒரே முட்டிக்குள் இருந்தவை. அம்முட்டி ஆளுயர ஆழத்தில் இருந்தது. அது கோயில் மதிலோரம். சோழர் காசும் சேதுக் காசும் ஒன்றாகச் சேமிக்கப்பட்டிருந்தன என்றால், பழைய காசும் புதியதோடு கைமாறிக்கொண்டிருந்ததா என்று ஓர் ஆய்வாளர் இனிக் கேட்கலாம். நேற்று வரை அக்கேள்வியைக் கேட்கவும் வழியில்லை.

மறுநாட் காலை நண்பர் வேலைக்குப் புறப்படுமுன் ஒரு கடதாசித் துண்டில் ஊரின் பெயர், வளவின் பெயர், கிணற்றின் திசை, ஆழம், முட்டி, சொன்னவரின் உறவுமுறை, சொன்ன தேதி ஆகியவற்றை எழுதி, கீழே தமது கையொப்பத்தையும் இட்டார். காணி உறுதி இழந்த அவர், அவ்வளவைப் பற்றித் தம் கையால் எழுதிய முதற் பத்திரம் அது. அதனை நான்காக மடித்து, காசுகளோடு வைத்து மூடினார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கக்கூடும். சாமி அறையிலோ, தாலிக்கொடிப் பெட்டியிலோ, பழைய கைப்பையிலோ ஒரு செப்புக் காசு கிடக்கக்கூடும். அதனைத் துலக்காதீர்கள். விலை கேட்காதீர்கள். உங்கள் குடும்பத்தின் மூத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, அது எந்த வளவிற் கிடைத்தது என்று இன்றே கேளுங்கள்.